கல்லடியில் பழைய வீடு: அச்சாரம் கொடுப்பதற்கு முன் வீட்டைச் சோதிக்கும் நிபந்தனைகளை எப்படிப் பேசுவது?

கேள்வி: களுவாஞ்சிகுடி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் கல்லடி உப்போடைப் பக்கத்தில் 14 பேர்ச் வளவுடன் ஒரு பழைய வீட்டை வாங்குவதற்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். அது 1960களில் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்ட வீடு. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை முழுவதும் பறந்துவிட, முன்பகுதிக்கு மீண்டும் ஓடு போட்டு, பின்பகுதியை அஸ்பெஸ்டஸ் சீற்றால் மூடியிருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து முன் விறாந்தைக்குக் கொங்கிறீற் பிளாற் போட்டிருக்கிறார்கள். 2004 சுனாமியின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்து வடிந்ததாக அயலவர் ஒருவர் சொன்னார். வீட்டுக்காரர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்பதற்கு எங்களுக்கும் மனம் வரவில்லை.

விலை 140 இலட்சம் என்கிறார்கள். திருத்த வேலை இருக்கும் என்பது தெரிந்துதான் போனோம், அதில் எங்களுக்குப் பயமில்லை. எவ்வளவு திருத்தம் என்பது தெரியாமல் பணத்தைக் கொடுப்பதுதான் பயமாக இருக்கிறது. பின்னறைச் சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் புதிதாகச் சீமெந்து பூசி நிறமும் அடித்திருக்கிறார்கள். விறாந்தைப் பிளாற்றின் அடிப்பக்கத்தில் துருக்கோடுகள் தெரிகின்றன. ஓரிடத்தில் ஒரு துண்டு உதிர்ந்து கம்பி வெளியே நிற்கிறது. மலசலகூடக் குழி கிணற்றுக்கு மிகக் கிட்ட இருப்பதாகவும் தோன்றுகிறது.

தரகர் ஒரு கிழமைக்குள் 10 இலட்சம் அச்சாரம் கேட்கிறார். வெளிநாட்டில் இருந்து இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும், முத்திரை ஒட்டிய கடதாசியில் பற்றுச்சீட்டு எழுதித் தருவார்கள் என்றும், வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது என்றும் சொல்கிறார். பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவரலாமா என்று கேட்டபோது, வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயதாகிறது, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், வந்தால் ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று பதில் வந்தது. அந்த அம்மா படுப்பதும் அதே பின்னறையில்தான். எங்கள் பணத்தில் பெரும்பகுதி வங்கிக் கடன். வங்கியும் மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்பும், அதுவே போதாதா என்று என் கணவர் கேட்கிறார்.

முறையான சோதனைக்கு நேரமும் அனுமதியும் தரும்படி அவர்களின் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? குறைகள் வெளிவந்தால் விலையைக் குறைக்கக் கேட்பதா, அவர்களையே திருத்தித் தரச் சொல்வதா? வேண்டாம் என்று விலகினால் அச்சாரம் திரும்பக் கிடைப்பதற்கு இப்போதே என்ன செய்ய வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், கோட்டைமுனை

மகள், முதலில் உங்கள் கணவரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர், கடன் அறவிட முடியாமல் போனால் இந்த ஆதனத்தை என்ன விலைக்கு விற்கலாம் என்று வங்கிக்குச் சொல்வதற்காக வருபவர். அவர் முகட்டுக்கு ஏறமாட்டார், சுவரைத் தட்டிப் பார்க்கமாட்டார். காணிக்கு விலை இருந்தால் வீட்டின் குறை அவருடைய கணக்கைப் பெரிதாக மாற்றாது. எனவே உங்கள் பக்கத்துக்காக, உங்கள் செலவில், பட்டயப் பொறியியலாளர் ஒருவரோ நீண்ட அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரோ பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும்.

நீங்கள் கண்ட அந்த மூன்றடிப் புதுப்பூச்சு எனக்கு மிகவும் கவலை தருகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், நிலத்தில் இருந்து ஏறும் ஓதத்தைத் தன் மேற்பரப்பால் மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் சீமெந்தைப் பூசி அடைத்துவிட்டால் ஈரம் போக வழியின்றி உள்ளே தங்கி, பூச்சு முடிகிற உயரத்துக்கு மேலே ஏறி, அங்கே உப்பாகப் பூக்கும். கடலும் வாவியும் இரு பக்கமும் இருக்கிற கல்லடியில், கடல்நீர் ஒருமுறை உட்புகுந்த வீடென்றால், செங்கல்லுக்குள் உப்பு இறங்கியிருக்கக்கூடும். அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை முறை நிறம் அடித்தாலும் உரிந்து விழும். இதனால் வீடு இடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பூச்சை முழுவதும் உடைத்து, சுவரை உலரவிட்டு, மீண்டும் சுண்ணாம்பு சேர்த்துப் பூசினால் பெரும்பாலும் சரிவரும். ஆனால் அது காலமும் கூலியும் பிடிக்கிற வேலை. சுனாமித் தண்ணீரைப் பற்றிக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் நின்றது, அதன் பிறகு அத்திவாரத்தில் ஏதும் வேலை செய்தார்களா என்று நேராகக் கேளுங்கள். அந்த நாளை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பிளாற்றைப் பற்றி இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த வீக்கம்தான் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளந்து துண்டு துண்டாகத் தள்ளுகிறது. அக்காலத்தில் கடற்கரை மணலைக் கழுவாமல் கலந்திருந்தால் கம்பி முழுவதும் அரித்திருக்கலாம். பொறியியலாளர் சிறு சுத்தியலால் அடிப்பக்கம் முழுவதையும் தட்டி, பொள்ளலாகக் கேட்கும் இடங்களைச் சோக்கால் குறித்து, அந்தப் பரப்பு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். ஒழுக்கு உண்டா என்று அறிய மேலே தண்ணீர் கட்டி 24 மணித்தியாலம் விட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் கம்பி வெளியே நிற்கிற பிளாற்றில், பொறியியலாளர் சம்மதிக்காமல் அதைச் செய்யக் கூடாது, கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள். சோதனை முடியும்வரை அந்த விறாந்தையில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள் என்று வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

கூரை மரத்தைக் கீழிருந்து பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வளையும் கைமரமும் சுவருக்குள் இறங்கும் முனைகளில்தான் கறையானும் உக்கலும் முதலில் பிடிக்கும். ஓடாவி ஒருவரைக் கூட்டிச்சென்று, அந்த முனைகளில் கூரான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வைரமான மரம் ஊசியைத் தடுக்கும், உக்கிய மரம் உள்வாங்கும். அஸ்பெஸ்டஸ் சீற்றை உடைக்கவோ வாளால் அறுக்கவோ யாரையும் விடாதீர்கள், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதை நனைத்து முழுச் சீற்றாகக் கழற்றி இறக்குவதற்கும் புதுக் கூரைக்கும் ஆகும் செலவைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பது நம்மூரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழமையாகச் சொல்லும் அளவு. நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கம்) மணலில் அழுக்கு நீர் வேகமாக ஊறிப் போகும், அதனால் இந்த அளவை இலேசாக விட்டுவிட முடியாது. மின்சார வயறிங் பழையதென்றால் முழுவதையும் மாற்றுவதாகவே கணக்கில் எழுதுங்கள், அதற்குத் தனிச் சோதனை தேவையில்லை.

இப்போது புரட்டாதி. எந்த ஓட்டு வீடும் இந்த வெயிலில் நல்ல வீடாகத்தான் தெரியும். கார்த்திகை, மார்கழி மழையில் நிலத்தடி நீர் மேலே வரும்போதுதான் குழி பொங்குவதும், தரை வியர்ப்பதும், ஓட்டு இடுக்கில் ஒழுகுவதும் தெரியவரும். 2011 ஜனவரி வெள்ளத்தில் நம் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதலாவது நிபந்தனை, ஒருமுறை இப்போதும் ஒருமுறை நல்ல மழை பெய்த மறுநாளும் வீட்டைப் பார்க்க இடம் தர வேண்டும் என்பது. சுவர் வெடிப்பு ஒவ்வொன்றினதும் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதிவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை போகும்போது வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அத்திவாரம் இன்னும் அசைந்துகொண்டிருக்கக்கூடும்.

திருத்தித் தரச் சொல்லாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. விற்றுவிட்டுப் போகிறவர் மலிவான கூலியும் விரைவான பூச்சும்தான் தேடுவார். நீங்கள் பார்க்க வேண்டிய குறை அந்தப் பூச்சுக்குள் மறைந்துவிடும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள்.

பதில் 2: சட்டத்தரணி, புளியந்தீவு

மேலே ஐயா எழுதியவை வீட்டைப் பற்றியவை. நான் தாள்களைப் பற்றி எழுதுகிறேன். முத்திரை ஒட்டிய கடதாசியில் பற்றுச்சீட்டு என்ற பேச்சைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, காணி விற்பனை மட்டுமன்றி, காணியை விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில் இருந்து, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டாலன்றிச் சட்டத்தில் செல்லுபடியாகாது. வெறும் கடதாசியில் நீங்கள் எழுதிக்கொள்ளும் சோதனை நிபந்தனை எதுவும் அந்த வீட்டைப் பொறுத்து உங்களுக்குக் கைகொடுக்காது. விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசு முன் எழுதி, மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பதிவும் செய்துவிடுங்கள். அதன் பிறகு வெளிநாட்டுக்காரர் வருகிறார் என்ற அவசரமும் குறையும்.

உள்ளது உள்ளபடியே என்ற சொற்களை அலட்சியமாக எடுக்காதீர்கள். நம் நாட்டுக் காணி விற்பனைக்கு அடிப்படையான உரோம-டச்சுச் சட்டத்தில், கண்ணுக்குத் தெரிகிற குறைக்காக வாங்கியவர் பின்னர் முறையிட முடியாது. மறைந்திருந்த குறைக்குப் பரிகாரம் உண்டு. ஆனால் உள்ளபடியே வாங்குகிறேன் என்று கையொப்பமிட்டுவிட்டால், விற்றவர் தெரிந்தே வஞ்சகமாக மறைத்தார் என்று நிரூபித்தாலன்றி அந்தப் பரிகாரமும் அடைபட்டுவிடும். விற்பவர் அந்தச் சொற்களை விடமாட்டேன் என்றால் நீங்கள் ஒத்துக்கொள்ளலாம். அப்படியானால் சோதனை முழுவதும் முன்னரே முடிய வேண்டும் என்பதை அதற்கு ஈடாகக் கேளுங்கள். இது நியாயமான கொடுக்கல் வாங்கல், எந்த விற்பனையாளரும் புரிந்துகொள்வார்.

விலகும் உரிமையைப் பொதுவாக எழுதினால், மனம் மாறினால் ஓடிவிடுவார்கள் என்று அவர்கள் பயப்படுவார்கள். எனவே பொருளையும் தொகையையும் பெயரிட்டு எழுதுங்கள். ஏறத்தாழ இப்படி: “கொள்வனவாளர் இவ்வுடன்படிக்கைத் திகதியில் இருந்து 21 நாட்களுக்குள் தமது செலவில் பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு அத்திவாரம், சுவர்கள், விறாந்தைப் பிளாற், கூரை மரம், கிணறு, மலசலகூடக் குழி ஆகியவற்றைச் சோதிக்கலாம். அவற்றைத் திருத்தும் செலவு 8 இலட்சம் ரூபாவை விஞ்சும் என அப்பொறியியலாளர் எழுத்தில் அறிக்கையிட்டால், இரு தரப்பாரும் 10 நாட்களுக்குள் விலையை மீளப் பேசி இணங்க வேண்டும். இணக்கம் ஏற்படாவிடின் உடன்படிக்கை முடிவுற்று, அச்சாரத் தொகை முழுவதும் 7 நாட்களுக்குள் கொள்வனவாளருக்குத் திருப்பிச் செலுத்தப்படும்.” மழைக்குப் பின்னான இரண்டாவது பார்வைக்கும் இதே போன்ற ஒரு பந்தி வேண்டும். 10 இலட்சம் அச்சாரம் இந்தக் கட்டத்துக்கு அதிகம். சோதனைக் காலம் முடியும்வரை சிறு தொகையும், முடிந்த பின் மீதியும் என்று பிரித்துக் கேளுங்கள்.

உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதிய பின்னர் ஒரு தொகையை மழை முடியும்வரை பிடித்துவைக்கலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். கைப்பணத்தில் வாங்குபவர் அதைத் தனி உடன்படிக்கையாக எழுதிப் பார்க்கலாம். நீங்கள் வங்கிக் கடனில் வாங்குகிறீர்கள். உறுதியும் ஈட்டு உறுதியும் (வங்கிக்கு வீட்டை அடமானம் வைக்கும் பத்திரம்) எழுதியதும் வங்கி பணத்தை விற்பவருக்கு விடுவித்துவிடும், பிடித்துவைக்க உங்கள் கையில் எதுவும் இராது. ஆகையால் உறுதித் திகதியையே தைக்குத் தள்ளிவிடுவது உங்களுக்கு நல்லது.

நம்மூர் வீடுகள் பெரும்பாலும் பெண் பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுவதால், உறுதி மகளின் பெயரிலும் சீவிய உரித்து (உயிருள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமை) தாயின் பெயரிலும் இருப்பது சாதாரணம். தாயும் கையொப்பமிட்டுத் தம் உரித்தைக் கைவிடாமல் அந்த வீடு முழுமையாக உங்களுக்கு வராது. முந்திய 30 ஆண்டு உறுதித் தொடரைப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். மாநகர சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். முன் விறாந்தை வீதி அகலிப்புக் கோட்டுக்குள் விழுந்தால், அந்தப் பிளாற்றை உடைத்த பின் அதே இடத்தில் திரும்பக் கட்ட முடியாமல் போகும், அது விலைப்பேச்சையே மாற்றும். வளவு கடலின் சராசரி உயர்நீர் மட்டக் கோட்டில் இருந்து 300 மீற்றருக்குள் இருந்தால், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கட்டட வேலைக்குத் தனி அனுமதி தேவைப்படும். முத்திரை வரியையும் மறக்காதீர்கள்: முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம், அதாவது 140 இலட்சத்துக்கு 5 இலட்சத்து 59 ஆயிரம் ரூபா, அதை வாங்குபவரே கட்ட வேண்டும்.

பதில் 3: காரைதீவு வாசகி

நான் விற்ற பக்கத்தில் இருந்தவள், அதனால் எழுதுகிறேன். எங்கள் அம்மாவின் வீட்டை விற்க வைத்தபோது முதலில் வந்தவர்கள் முன்னறிவித்தல் இல்லாமல் நான்கு பேரைக் கூட்டிவந்தார்கள். அம்மா படுத்திருந்த அறைக்குள் நுழைந்து, அலுமாரியை இழுத்து, சுவரைக் கொத்தி, இது எல்லாம் உக்கல் என்று அவர் காது கேட்கச் சொன்னார்கள். அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அவர்கள் நல்ல விலைதான் சொன்னார்கள், ஆனாலும் அண்ணன் அவர்களுக்கு விற்க மறுத்துவிட்டார்.

பிறகு வந்த குடும்பம் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்து தந்தது. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் யார் வருவார்கள், எங்கெங்கே துளையிடுவார்கள், அந்தத் துளையை யார் அடைப்பார்கள், சாமி அறைக்குள் எப்போது போகலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. அறிக்கையின் பிரதி ஒன்றை எங்களுக்கும் தருவதாக எழுதியிருந்தார்கள், தந்தார்கள். குசினிக்கு மேலே முகட்டு வளையைக் கறையான் முழுவதும் தின்றிருந்தது அந்த அறிக்கையைப் படித்துத்தான் எங்களுக்கே தெரியவந்தது. விலையைக் குறைக்க அண்ணனுக்குக் கஷ்டமாக இருந்தாலும், பொய்யாகச் சொல்கிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. சகோதரி, நீங்களும் தரகர் மூலம் கேட்காமல், உங்கள் கணவருடன் நேரே போய் அந்த அம்மாவுக்கு முன்னால் இருந்து கேளுங்கள்.

திருத்தித் தரச் சொல்ல வேண்டாம் என்று ஐயா சொன்னதை நான் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லைக் கல், நில அளவைப் படம், ஆதன வரி நிலுவை போன்றவற்றை விற்பவர்தான் முடித்துத் தர வேண்டும், ஏனெனில் அவர் பெயரில் இருக்கும்வரை அவருக்கே அது இலகு. இன்னொன்று, பழைய வீட்டில் முதிரைக் கதவுகளும் யன்னல்களும் இருந்தால் அவற்றை எண்ணி உடன்படிக்கையில் எழுதிவிடுங்கள். தெரிந்த ஒருவர் சாவி வாங்கப் போன நாளில் வாசல் மட்டும்தான் நின்றது, கதவு நிற்கவில்லை.

பதில் 4: கோட்டைமுனை ஐயா மீண்டும்

எல்லைக் கல்லும் படமும் விற்பவரின் வேலை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்னது கட்டட வேலையை மட்டும். பிரதி கொடுக்கும் யோசனை மிக நல்லது. எண்பது வயதானவரை அந்தப் பிளாற்றின் கீழே விட்டுவைத்திருப்பது சரியா என்பதை அவர்களும் தாளில் படித்து அறியட்டும்.

கேட்டவரின் பதில்: களுவாஞ்சிகுடி ஆசிரியை

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும், காரைதீவுச் சகோதரி சொன்னபடி ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தரகர் இல்லாமல் போனோம். வீட்டுக்கார அம்மாவின் மகள் முதலில் தயங்கினார். அம்மாதான் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுவதையும் வாசித்தார். சுனாமியைப் பற்றிக் கேட்டோம். அவர் எழும்பிப் பின்னறைக்குக் கூட்டிப்போய், அலுமாரிக்குப் பின்னால் நிறம் அடிக்காமல் விட்ட சுவரில் இடுப்பளவில் ஒரு கறையைக் காட்டினார். அதை அழிக்க வேண்டாம் என்று தானே சொல்லிவைத்ததாகவும், அடிச் சுவரின் பூச்சு மூன்று முறை உரிந்து விழுந்து இது நான்காவது முறை என்றும் சொன்னார்.

சோதனைக்கு இரண்டு நாளும், மழைக்குப் பின் ஒரு நாளும் தருவதற்குச் சம்மதித்துவிட்டார்கள். அச்சாரம் இப்போது 3 இலட்சம், மீதி சோதனை அறிக்கைக்குப் பிறகு. உறுதித் திகதியைத் தைப்பொங்கலுக்குப் பின் வைத்துக்கொள்ளவும் சரி என்றார்கள், சீவிய உரித்து அம்மாவின் பெயரில்தான் இருக்கிறது, அவரும் கையொப்பமிடுவார். 8 இலட்சம் என்ற எல்லையை 12 ஆக்கச் சொல்லி மகள் கேட்கிறார், அதை இன்னும் பேச வேண்டியிருக்கிறது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே அளந்தோம், 31 அடி. பொறியியலாளர் வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறார். விறாந்தைக்குக் கீழே யாரும் இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.